வரைகலை அட்டை நேரடி ஒப்படைப்பு

வரைகலை அட்டை நேரடி ஒப்படைப்பு என்பது, ஒரு கணினியில் பொருத்தப்பட்டுள்ள வரைகலை அட்டையைப் புரவலன் இயங்குதளத்தின் பிடியிலிருந்து விடுவித்து, அதே கணினியில் இயங்கும் மெய்நிகர் இயந்திரம் ஒன்றின் முழுப் பொறுப்பில் விடும் நுட்பம் ஆகும். ஜிபியூ பாஸ்த்ரூ என்ற ஆங்கிலப் பெயராலேயே இது பரவலாக அறியப்படுகிறது. இந்நுட்பத்தின் மூலம் ஒரே மேசைக் கணினியைப் பல மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் பணிநிலையமாகவும், உயர்திறன் நிகழ்பட ஆட்டங்களுக்கான கணினியாகவும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடிகிறது. லினக்ஸ் கருனியின் பகுதியான கேவிஎம், விஎஃப்ஐஓ ஆகியவற்றைக் கொண்டு அமைக்கப்படும் முறையே வீட்டுப் பயனர்களிடையே மிகுதியாகப் புழங்குகிறது. இக்கட்டுரையும் பெரும்பாலும் அம்முறையையே விளக்குகிறது.

தேவை

மென்பொருள் எழுதுவோர், வலையமைப்பு பயில்வோர், வழங்கி மேலாண்மை கற்கும் மாணவர் போன்றோருக்கு ஒரே நேரத்தில் நான்கைந்து இயங்குதளங்கள் தேவைப்படுவது உண்டு. மெய்நிகர் இயந்திரங்கள் இத்தேவையை நன்கு நிறைவு செய்கின்றன. ஆனால் இவற்றில் முப்பரிமாண வரைகலை காலங்காலமாக ஒரு குறையாகவே இருந்து வந்துள்ளது. வழக்கமான மெய்நிகர் இயந்திரம் ஒன்றுக்குக் காட்டப்படுவது மென்பொருளால் உருவகப்படுத்தப்பட்ட எளிய வரைகலை அட்டை மட்டுமே. அதைக் கொண்டு ஆவணம் தட்டெழுதலாம், இணையத்தில் உலாவலாம். அண்மைய ஆட்டம் ஒன்றை ஓட்ட முடியாது.

ஆட்டங்களில் மிகப் பல மைக்ரோசாப்ட் விண்டோசுக்கென எழுதப்படுபவை. எனவே லினக்சைப் பணிக்கும் விண்டோசை ஆட்டத்துக்கும் பயன்படுத்துவோர், ஒன்று இரண்டு கணினிகள் வாங்க வேண்டும், அல்லது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி ஒவ்வொரு முறையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். மறுதொடக்கம் செய்யும்போது பின்னணியில் ஓடும் வழங்கிகள், தொகுப்புப் பணிகள், தரவிறக்கங்கள் யாவும் நின்றுவிடும். நேரடி ஒப்படைப்பு இவ்விரு தொல்லைகளையும் தவிர்க்கிறது.

வரலாறு

மெய்நிகர் இயந்திரம் என்ற கருத்து 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் பெருமுகக் கணினிகளில் தோன்றியது. ஒரு செயலி மெய்நிகராக்கத்துக்கு ஏற்றதா என்பதைத் தீர்மானிக்கும் நிபந்தனைகளைப் போப்பெக், கோல்ட்பெர்க் ஆகிய இருவரும் 1974 இல் வரையறுத்தனர். தனியாள் கணினிகளில் வழங்கும் எக்ஸ்86 கட்டமைப்பு அந்நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை. 1999 இல் வெளிவந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், விருந்தினரின் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி இக்குறையைக் கடந்தது. இன்டெல் 2005 இலும் ஏஎம்டி 2006 இலும் தத்தம் செயலிகளிலேயே மெய்நிகராக்க ஆதரவைச் சேர்த்தன.

இவ்வன்பொருள் ஆதரவைப் பயன்படுத்தி ஆவி கிவிட்டி என்பவர் கும்ரானெட் நிறுவனத்தில் பணியாற்றியபோது கேவிஎம்மை எழுதினார். இது 2007 பெப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 கருனியில் இடம்பெற்றது. பாப்ரிசு பெல்லார்டு 2003 இல் தொடங்கிய கியூஎமு என்ற உருவகப்படுத்தி, கேவிஎம்முடன் இணைந்து மெய்நிகர் இயந்திரத்தின் பிற உறுப்புகளை வழங்குகிறது. கருவிகளை விருந்தினரிடம் பாதுகாப்பாக ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ சட்டகம், அலெக்ஸ் வில்லியம்சனின் முதன்மைப் பங்களிப்பில் 2012 இல் லினக்ஸ் 3.6 உடன் வந்தது. வீட்டுக் கணினிகளில் இந்நுட்பம் பரவியது இதன் பின்னரே. ஜென் மென்பொருளில் முன்னரே இதைச் செய்ய முடிந்ததாயினும், அதனை அமைப்பது பொறுமை மிக்கோருக்கே கைகூடியது.

2016 சனவரியில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் அலைவரிசை, ஒரே கணினியில் ஏழு பேர் தனித்தனித் திரைகளில் ஆடுவதைக் காட்டும் நிகழ்படத்தை வெளியிட்டது. அக்கணினியில் ஏழு ஏஎம்டி வரைகலை அட்டைகள் இருந்தன. அன்ரெய்டு என்ற இயங்குதளம் பயன்படுத்தப்பட்டது. நிகழ்படத்தின் தலைப்பு ஒரு செயலி என்றே கூறினாலும் உண்மையில் இருந்தவை இரண்டு சியோன் செயலிகள். நடைமுறைப் பயன் குறைவான வேடிக்கையே எனினும், பலர் இந்நுட்பத்தைக் கேள்விப்பட்டது இதன் வழியாகத்தான்.

செயற்படும் விதம்

வரைகலை அட்டை போன்ற வேகமான கருவிகள், தரவைப் பெறுவதற்கு ஒவ்வொரு முறையும் மையச் செயலியை நாடுவதில்லை. அவை முதன்மை நினைவகத்தை நேரடியாக அணுகிப் படிக்கின்றன, எழுதுகின்றன. இதற்கு நேரடி நினைவக அணுக்கம் என்று பெயர். மெய்நிகராக்கத்தில் சிக்கல் எழுவது இவ்விடத்திலேயே.

8 ஜிபி நினைவகம் ஒதுக்கப்பட்ட விண்டோஸ் விருந்தினர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தனது நினைவகம் முகவரி சுழியத்தில் தொடங்கி 8 ஜிபி வரை நீள்வதாக அது நம்புகிறது. உண்மையில் புரவலன் அதற்கு 20 ஜிபி முதல் 28 ஜிபி வரையான இடத்தைக் கொடுத்திருக்கலாம். விருந்தினரில் உள்ள இயக்கி மென்பொருள், 1 ஜிபி என்னும் முகவரியில் உள்ள படத்தை எடுத்துக்கொள் என்று அட்டைக்குக் கட்டளையிடுகிறது. அட்டைக்கு மெய்நிகர் இயந்திரம் என்பதே தெரியாது. அது உண்மையான 1 ஜிபி முகவரிக்குச் செல்லும். அங்கே இருப்பது புரவலனின் கருனியாகவோ வேறொரு நிரலின் தரவாகவோ இருக்கும். படிப்பதோடு நின்றால் திரையில் குப்பை தெரியும்; எழுதவும் செய்தால் கணினி முழுவதும் நிலைகுலையும்.

இதைத் தீர்ப்பது உள்ளீடு-வெளியீட்டு நினைவக மேலாண்மை அலகு, அதாவது ஐஓஎம்எம்யூ, எனப்படும் வன்பொருள். கருவிக்கும் நினைவகத்துக்கும் இடையில் நின்று, கருவி கேட்கும் ஒவ்வொரு முகவரியையும் இது மொழிபெயர்க்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 1 ஜிபி என்பது 21 ஜிபி ஆக மாற்றப்படும். ஒதுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே செல்லும் கோரிக்கை மறுக்கப்படும். ஆகவே மொழிபெயர்ப்போடு காவற்பணியையும் இதுவே செய்கிறது. இன்டெல் இதற்கு விடி-டி என்றும், ஏஎம்டி இதற்கு ஏஎம்டி-விஐ என்றும் பெயரிட்டன. செயலி, தாய்ப்பலகை, நிலைபொருள் ஆகிய மூன்றும் இதனை ஆதரிக்க வேண்டும். பல தாய்ப்பலகைகளில் இது முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருக்கும். பயோஸ் அமைப்புகளில் தேடி இயக்க வேண்டும்.

இம்முறையின் ஒரு விளைவைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. அட்டை எந்த நேரத்திலும் விருந்தினர் நினைவகத்தின் எந்தப் பகுதியையும் அணுகக்கூடும் என்பதால், அந்நினைவகம் முழுவதும் இயந்திரம் தொடங்கும்போதே ஒதுக்கப்பட்டுப் பூட்டப்படுகிறது. அதன் ஒரு பகுதியை வட்டுக்கு மாற்றிவைப்பதோ, பயன்படாதபோது பிற இயந்திரங்களுக்குக் கடன் கொடுப்பதோ இயலாது. சாதாரண மெய்நிகர் இயந்திரங்களுக்கு, இருப்பதைவிட மிகுதியான நினைவகத்தை வாக்களித்துச் சமாளிக்கலாம். ஒப்படைப்பு இயந்திரத்துக்கு 16 ஜிபி என்றால், அது ஓடும் வரை 16 ஜிபி போனது போனதே.

ஐஓஎம்எம்யூ தொகுதிகள்

பிசிஐ எக்ஸ்பிரஸ் அமைப்பில் இரு கருவிகள், ஐஓஎம்எம்யூ வரை செல்லாமல் இடையிலுள்ள நிலைமாற்றி வழியாகத் தமக்குள்ளேயே பேசிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அவ்வாறு பேசக்கூடிய கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக் காப்பது இயலாது. எனவே லினக்ஸ் அவற்றை ஒரே தொகுதியாகக் கருதுகிறது. ஒரு தொகுதியிலுள்ள கருவிகள் யாவும் ஒருசேர ஒரே விருந்தினரிடம் செல்ல வேண்டும், அல்லது புரவலனின் பயன்பாட்டிலிருந்து விலக வேண்டும் என்பது விதி.

வரைகலை அட்டை தனித் தொகுதியில் இருந்தால் வேலை எளிது. அட்டையில் உள்ள எச்டிஎம்ஐ ஒலிக்கருவி அதே தொகுதியில் இருப்பது இயல்பு. அதையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். ஆனால் வட்டுக் கட்டுப்படுத்தி, வலையமைப்பு அட்டை, யூஎஸ்பி கட்டுப்படுத்தி ஆகியவற்றுடன் வரைகலை அட்டையும் ஒரே தொகுதியில் அகப்பட்டால், புரவலன் தனது வட்டையே இழக்க நேரிடும். மேசைக் கணினித் தாய்ப்பலகைகளில் செயலியோடு நேரடியாக இணைந்த செருகுவாய்கள் பெரும்பாலும் நல்ல தொகுதிகளில் இருக்கும். சிப்செட் வழியாக இணையும் கீழ்ச் செருகுவாய்களிலேயே இச்சிக்கல் மிகுதி.

இத்தொகுதிகளை உடைத்துக் காட்டும் கருனித் திருத்தம் ஒன்று புழக்கத்தில் உள்ளது. அது வன்பொருளில் இல்லாத பிரிவினையை இருப்பதாகக் கருனியை நம்பவைக்கிறது. முதன்மைக் கருனியில் இது ஏற்கப்படவில்லை, அதற்குக் காரணமும் உண்டு: கருவிகள் உண்மையில் தமக்குள் பேசிக்கொண்டால் தரவு சிதையலாம், விருந்தினரில் புகுந்த தீநிரல் புரவலனை எட்டலாம். தன் வீட்டில் ஆட்டம் மட்டும் ஆடுபவர் இந்த இடரை ஏற்கலாம். பிறருடைய தரவு உள்ள பணிக்கணினியில் இதனைத் தவிர்ப்பதே முறை. தொகுதி விவரங்களைத் தாய்ப்பலகை உற்பத்தியாளர்கள் விளம்பரங்களில் தருவதில்லை. அதே பலகையை வாங்கிய பிறர் வெளியிட்ட பட்டியலை முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.

வன்பொருள் தெரிவு

இரண்டு வரைகலைக் கருவிகள் இருப்பது வழக்கமான அமைப்பு ஆகும். ஒன்று புரவலனின் திரைக்கு, மற்றது ஆட்ட இயந்திரத்துக்கு. புரவலனுக்கு எளியதே போதும். செயலியில் உட்பொதிந்த வரைகலை இருந்தால் தனி அட்டையே வேண்டியதில்லை. இன்டெல் மேசைக் கணினிச் செயலிகளில் பலவற்றில் இது நெடுங்காலமாக உள்ளது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலிகளில் 2022 இல் வந்த 7000 வரிசை முதல், உட்பொதிந்த சிறு வரைகலைப் பகுதி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இடம்பெற்றது. இந்நுட்பத்தை நாடுவோருக்கு அது சத்தமின்றிக் கிடைத்த பெரிய உதவி. ஒரே வரைகலை அட்டையைக் கொண்டும் செய்ய இயலும். ஆட்ட இயந்திரம் தொடங்கும்போது புரவலன் தன் திரையை முற்றாக விட்டுக்கொடுக்க வேண்டும். ஏதேனும் பிழை நேர்ந்தால் வேறொரு கணினியிலிருந்து வலையமைப்பு வழியாக உள்நுழைந்தே சரிசெய்ய முடியும் என்பதால் இது தொடக்கநிலையினருக்கு ஏற்றதன்று.

இரு தனி அட்டைகள் வாங்குவோர் இரு வேறு வகைகளை வாங்குவது தலைவலியைக் குறைக்கும். விஎஃப்ஐஓ, ஒரு கருவியை அதன் உற்பத்தியாளர் எண், கருவி எண் ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணும்படி அமைக்கப்படுவது வழக்கம். ஒரே வகை அட்டைகள் இரண்டுக்கும் இவ்வெண்கள் ஒன்றே என்பதால் இரண்டும் சேர்ந்தே பிடிபட்டுவிடும். பொருத்தப்பட்ட இடத்தின் முகவரியைக் கொண்டு பிரிக்க மேலதிக வேலை தேவை. (இன்டெல்லின் உற்பத்தியாளர் எண் பதினறும முறையில் 8086 ஆகும். தனது புகழ்பெற்ற செயலியின் பெயரையே அந்நிறுவனம் எண்ணாகப் பெற்றுக்கொண்டது.)

செயலியைப் பொறுத்தவரை உள்ளகங்களின் எண்ணிக்கை முதன்மையானது. ஆட்டத்துக்கு 6 அல்லது 8 உள்ளகங்களை ஒதுக்கிய பின்னும் புரவலனுக்கும் பணி இயந்திரங்களுக்கும் போதிய உள்ளகங்கள் எஞ்ச வேண்டும். 2017 இல் ரைசன் செயலிகள் வரும் வரை, பொதுவான மேசைக் கணினித் தளங்களில் நான்கு உள்ளகங்களே இன்டெல்லின் உச்சமாக இருந்தன. அவற்றைப் பங்கிட்டால் இரு தரப்புக்கும் பற்றாக்குறையே. 2020 இல் வெளியான ரைசன் 9 5950எக்ஸ் இவ்வேலைக்கெனவே செய்யப்பட்டது போன்ற அமைப்பைக் கொண்டது. அதன் 16 உள்ளகங்கள், எட்டு எட்டாக இரு சில்லுகளில் அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் 32 எம்பி மூன்றாம் நிலை கேஷ் தனியே உண்டு. ஒரு சில்லை ஆட்டத்துக்கும் மற்றதைப் பணிக்கும் கொடுத்துவிட்டால், ஒருவர் கேஷை மற்றவர் கலைப்பதில்லை. 2021 முதல் வரும் இன்டெல் செயலிகளில் பலவற்றில் வேகமான உள்ளகங்களும் சிக்கன உள்ளகங்களும் கலந்திருக்கும். அங்கு வேகமானவற்றை ஆட்டத்துக்கு ஒதுக்குவது வழக்கம்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களின் எண்ணிக்கை அடுத்த கட்டுப்பாடு. ஏஎம்4 தளத்தில் செயலியிலிருந்து 24 தடங்கள் வருகின்றன. 16 வரைகலைக்கு, 4 திண்மநிலை வட்டுக்கு, 4 சிப்செட்டுக்கு. இரண்டாவது அட்டையைச் செருகினால், தகுந்த பலகைகளில் 16 தடங்கள் எட்டு எட்டாகப் பிரியும். மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரசில் 8 தடங்கள் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி கடத்துவதால், பெரும்பாலான ஆட்டங்களில் இழப்பு சிறிதே. மலிவான பலகைகளில் இப்பிரிப்பு இராது. இரண்டாவது நீள் செருகுவாய் பார்வைக்கு முழு அளவில் இருந்தாலும் சிப்செட்டின் 4 தடங்களோடு மட்டுமே இணைந்திருக்கும். 2017 இன் திரெட்ரிப்பர் 1950எக்ஸ் 64 தடங்களைக் கொண்டிருந்தது. மூன்று நான்கு கருவிகளை ஒப்படைக்க விரும்புவோர் அத்தகைய தளத்தை நாடுவர். விலையும் அதற்கேற்ப உயரும்.

நினைவகம் 32 ஜிபிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். 64 ஜிபி இருந்தால், ஆட்டத்துக்கு 16, புரவலனுக்கு 8 போக, பணி இயந்திரங்களுக்கு 40 ஜிபி எஞ்சும். வட்டைப் பொறுத்தவரை, ஒரு தனித் திண்மநிலை வட்டை முழுமையாக விருந்தினரிடம் ஒப்படைப்பது வேகமானது. அதே வட்டிலிருந்து மெய்நிகராக்கம் இன்றியும் விண்டோசைத் தொடங்கலாம் என்பது கூடுதல் பயன். மின்வழங்கியில் சிக்கனம் காட்டக் கூடாது: ஆட்டமும் தொகுப்புப் பணியும் ஒருசேர ஓடும்போது செயலி, வரைகலை அட்டை இரண்டுமே முழுச்சுமையில் இருக்கும். தனி ஆட்டக் கணினியில் இந்நிலை அரிது.

அமைக்கும் முறை

புரவலனாகப் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களைப் பயன்படுத்தலாம். டெபியனை அடிப்படையாகக் கொண்ட பிராக்ஸ்மாக்ஸ், உலாவி வழியாக மெய்நிகர் இயந்திரங்களை மேலாள்வதற்கு ஏற்றது. மேசைக் கணினியாகவும் புரவலனையே பயன்படுத்துவோர் பெடோரா, உபுண்டு, ஆர்ச் போன்றவற்றில் வர்ட்-மேனேஜர் என்ற மேலாளரைப் பயன்படுத்துவர்.

அடிப்படைப் படிமுறை எல்லாவற்றிலும் ஒன்றே. முதலில் ஐஓஎம்எம்யூ பயோசிலும் கருனியிலும் இயக்கப்படும். அடுத்து, கணினி தொடங்கும்போது வழக்கமான இயக்கி மென்பொருள் அட்டையைக் கைப்பற்றும் முன்னரே விஎஃப்ஐஓ இயக்கி அதனைக் கைப்பற்றும்படி செய்யப்படும். இந்த முந்துதல் முக்கியமானது. தாய்ப்பலகை தொடக்கத் திரையைக் காட்டுவதற்கு முதற் செருகுவாயிலுள்ள அட்டையையே தெரிவு செய்தால், ஆட்ட அட்டை ஏற்கெனவே தொடப்பட்டதாகிவிடும். தொடக்க அட்டையைத் தெரிவு செய்யும் வசதி சில பலகைகளில் உண்டு, பலவற்றில் இல்லை. பின்னர் ஓவிஎம்எஃப் என்ற யூஈஎஃப்ஐ நிலைபொருளோடு மெய்நிகர் இயந்திரம் உருவாக்கப்பட்டு, அட்டை சேர்க்கப்படும். விண்டோஸ் 11 நிறுவுவதற்குத் தேவையான டிபிஎம் 2.0 சில்லை மென்பொருளாலேயே உருவகப்படுத்தலாம். வட்டு, வலையமைப்பு ஆகியவற்றுக்கு விர்ட்ஐஓ இயக்கிகளை விண்டோசில் நிறுவினால் வேகம் கூடும்.

விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றுக்கு இரு வழிகள் உண்டு. யூஎஸ்பி கட்டுப்படுத்தி ஒன்றையே ஒப்படைத்துவிட்டால், அதன் துளைகளில் செருகுபவை யாவும் விருந்தினருக்கே உரியன. அல்லது ஒரே விசைப்பலகையைப் பகிர்ந்து, இரு கண்ட்ரோல் விசைகளையும் ஒருசேர அழுத்தி மாற்றிக்கொள்ளும் வசதியைக் கியூஎமு தருகிறது. திரைக்கு, ஒரே திரையகத்தின் இரு உள்ளீடுகளில் இரு அட்டைகளையும் இணைத்து மாற்றிக்கொள்வதே எளிய வழி. 2017 இல் தொடங்கிய லுக்கிங் கிளாஸ் என்ற கட்டற்ற மென்பொருள், விருந்தினர் வரையும் படத்தைப் பகிர்வு நினைவகம் வழியாகப் புரவலனின் சாளரம் ஒன்றில் சுருக்கமின்றிக் காட்டுகிறது. விசைப்பலகை, திரை, சுட்டி ஆகியவற்றை இரு கணினிகளுக்கு இடையே மாற்றும் பெட்டிக்கும் கேவிஎம் என்றே பெயர். கருனியின் கேவிஎம்முக்கும் அதற்கும் தொடர்பில்லை. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்தே வரும்.

செயற்திறன்

வரைகலை அட்டை நேரடியாக இயங்குவதால் அதன் திறனில் இழப்பு மிகக் குறைவு. ஆட்டம் தடுமாறினால் காரணம் பெரும்பாலும் செயலியின் பக்கமே இருக்கும். ஒரு நொடிக்கு 60 சட்டகங்கள் என்றால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. அதற்குள் புரவலன், விருந்தினரின் இழையைச் சில மில்லிநொடிகள் நிறுத்திவைத்து வேறு வேலை செய்தால் சட்டகம் தவறும். சராசரி வேகம் நன்றாக இருந்தும் ஆட்டம் திக்கித் திக்கி ஓடுவது இதனால்தான். சராசரியை மட்டும் அளந்து காட்டும் ஒப்பீடுகள் இவ்விடயத்தில் அவ்வளவாக உதவா.

தீர்வு, விருந்தினரின் ஒவ்வொரு மெய்நிகர் செயலியையும் குறித்த ஓர் உண்மையான உள்ளகத்தோடு கட்டிவைத்து, பிற நிரல்கள் அவ்வுள்ளகங்களுக்கு வராமல் தடுப்பது ஆகும். 4 கேபி அளவான வழக்கமான நினைவகப் பக்கங்களுக்கு மாறாக 2 எம்பி அல்லது 1 ஜிபி பெரும்பக்கங்களைப் பயன்படுத்துவதும் உதவும். முகவரி மொழிபெயர்ப்பு வேலை குறைகிறது.

ஏஎம்டி செயலிகளில் நெடுநாள் நீடித்த ஒரு வழு இங்குக் குறிப்பிடத்தக்கது. நினைவக மெய்நிகராக்கத்துக்கான வன்பொருள் வசதியை இயக்கினால் ஒப்படைத்த அட்டையின் வேகம் வெகுவாக விழுந்தது. அணைத்தால் செயலியின் வேகம் விழுந்தது. பயனர்கள் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்து காலம் தள்ளினர். ரைசன் வந்து பயனர் கூட்டம் பெருகிய 2017 இல்தான் தவறு வன்பொருளில் இல்லை, நினைவக வகைகளைக் கேவிஎம் கையாண்ட விதத்தில் உள்ளது என்று கண்டறியப்பட்டு, ஒரு சிறு திருத்தத்தால் நீக்கப்பட்டது. மூலநிரல் எல்லோர் கண்ணெதிரே இருந்தும், தேடுவதற்குக் காரணமுள்ள ஒருவர் வரும் வரை அது தப்பியிருந்தது.

உற்பத்தியாளர் கட்டுப்பாடுகள்

இந்நுட்பத்தின் வரலாற்றில் பெருந்தடைகள் சில, பொறியியலால் அன்றி வணிகக் கொள்கையால் எழுந்தவை. இன்டெல்லின் கோர் ஐ7-2600கே, 3770கே, 4770கே ஆகிய செயலிகளில் விடி-டி வசதி முடக்கப்பட்டிருந்தது. அதே வரிசையின் விலை குறைந்த, கே எழுத்து இல்லாத 2600, 3770, 4770 செயலிகளில் அது இருந்தது. கூடுதல் விலை கொடுத்து வேகத்தைக் கூட்டும் உரிமையை வாங்கியவர், மெய்நிகராக்க வசதியை இழந்தார். 2014 இல் வந்த 4790கே செயலியில் இது மீண்டும் சேர்க்கப்பட்டது.

என்விடியாவின் கட்டுப்பாடு இன்னும் நீண்டது. அதன் ஜிஃபோர்ஸ் இயக்கி மென்பொருள், தான் மெய்நிகர் இயந்திரத்தில் இருப்பதை உணர்ந்தால் இயங்க மறுத்தது. விண்டோஸ் கருவி மேலாளரில் பிழை எண் 43 என்று மட்டும் தோன்றும். விலை மிகுந்த குவாட்ரோ அட்டைகள் பலவற்றில் இத்தடை இல்லை. பயனர்கள், மெய்நிகர் இயந்திரத்தின் அடையாளங்களை மறைத்து இயக்கியை ஏமாற்றும் வழியைக் கண்டனர். தான் விலை கொடுத்து வாங்கிய அட்டையைத் தன் கணினியிலேயே பயன்படுத்த இத்தகைய மறைப்பு தேவைப்பட்டது, கட்டற்ற மென்பொருள் ஆர்வலரிடையே கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 2021 மார்ச்சில் வெளியான 465 இயக்கி வரிசையில், ஓர் அட்டையை ஒரு விண்டோஸ் இயந்திரத்துக்கு ஒப்படைப்பதை என்விடியா முறையாக அனுமதித்தது.

இவற்றை எல்லாம் படித்து ஏஎம்டி அட்டை வாங்கியோருக்கு வேறொரு சிக்கல் காத்திருந்தது. மெய்நிகர் இயந்திரம் நிறுத்தப்பட்டதும் அட்டை தொடக்கநிலைக்குத் திரும்ப வேண்டும். போலாரிஸ், வேகா, முதல் நாவி ஆகிய தலைமுறை அட்டைகள் பல அவ்வாறு திரும்பவில்லை. இயந்திரத்தை இரண்டாம் முறை தொடங்க, புரவலன் கணினியையே அணைத்துப் போட வேண்டியிருந்தது. மறுதொடக்கத்தைத் தவிர்ப்பதற்காகவே அமைத்த கணினியில் இது நகைமுரண். தன்னார்வலர்கள் எழுதிய வெண்டர்-ரீசெட் என்ற கருனிக்கூறு பல அட்டைகளுக்குத் தீர்வு தந்தது. 2020 இன் ஆர்எக்ஸ் 6000 வரிசையில் நிலைமை பெரிதும் மேம்பட்டது.

ஏமாற்றுத் தடுப்பு மென்பொருட்கள்

இணையவழிப் போட்டி ஆட்டங்களில் ஏமாற்றுவோரைத் தடுக்கும் மென்பொருட்கள், மெய்நிகர் இயந்திரத்தை ஐயத்துடனேயே பார்க்கின்றன. விருந்தினரின் நினைவகத்தைப் புரவலனிலிருந்து எவரும் அறியாமல் படிக்க முடியும் என்பதால் அவ்வையம் அடிப்படை அற்றதன்று. வலோரண்ட் ஆட்டத்துடன் 2020 இல் வந்த வான்கார்டு, மெய்நிகர் இயந்திரத்தில் ஆட்டத்தை அனுமதிப்பதில்லை. இயந்திரத்தின் அடையாளத்தை மறைத்து நுழைய முயல்பவரின் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படக்கூடும். தான் ஆடும் ஆட்டங்கள் எவை என்பதை வன்பொருள் வாங்கும் முன்னரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இக்கணினி வகையில் பணம் வீணாவது மிகுதியும் இந்த ஒரு காரணத்தால்தான்.

மாற்று வழிகள்

வால்வ் நிறுவனம் 2018 ஆகத்தில் வெளியிட்ட புரோட்டான், வைன் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு விண்டோஸ் ஆட்டங்களை லினக்சிலேயே இயக்குகிறது. 2022 இல் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவிக்குப் பின்னர் இது விரைந்து முதிர்ந்தது. தனியாள் ஆட்டங்களை மட்டும் விரும்புவோருக்கு, நேரடி ஒப்படைப்பின் தேவையே இதனால் பெரிதும் குறைந்துள்ளது. விண்டோஸ் மட்டும் தேவைப்படும் வடிவமைப்பு மென்பொருட்கள், மெய்யான வரைகலை அட்டை வேண்டும் சோதனைகள் போன்றவற்றுக்கே ஒப்படைப்பு இன்றியமையாதது.

விண்டோசைப் புரவலனாகக் கொள்ள விரும்புவோருக்கு வழி குறுகியது. ஹைப்பர்-வியின் கருவி ஒப்படைப்பு வசதி, வழங்கிகளுக்கான விண்டோஸ் பதிப்புகளில் மட்டுமே உண்டு. விர்ச்சுவல்பாக்சில் சோதனை நிலையில் இருந்த பிசிஐ ஒப்படைப்பு 6.1 பதிப்பில் நீக்கப்பட்டது. ஓர் அட்டையைப் பல இயந்திரங்களுக்குப் பங்கிடும் நுட்பங்களும் உள்ளன. அவை பெரும்பாலும் நிறுவனங்களுக்கான அட்டைகளுக்கும் உரிமங்களுக்கும் உரியவை. இன்டெல்லின் ஜிவிடி-ஜி வீட்டுச் செயலிகளிலேயே இதனைத் தந்தது, ஆனால் 10 ஆம் தலைமுறையோடு கைவிடப்பட்டது.

இரண்டு தனிக் கணினிகளே மேலானவை என்று வாதிடுவோரும் உளர். ஒரு பெட்டி, ஒரு செயலி, ஒரு மின்வழங்கி என்பதால் இணைந்த கணினி இடத்தையும் பொருளையும் மிச்சப்படுத்துகிறது. அதே காரணத்தால், மின்வழங்கி ஒன்று பழுதானால் ஆட்டம், பணி இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. ஒப்படைத்த அட்டை பிழைபட்டுப் புரவலனை உறையச் செய்தால், ஓடிக்கொண்டிருந்த பணி இயந்திரங்கள் யாவும் திடீர் மின்தடையில் அகப்பட்டவை போல் அறுபடும். அட்டை ஒப்படைக்கப்பட்ட இயந்திரத்தை ஓடும் நிலையிலேயே படமெடுத்துச் சேமிப்பதும் பொதுவாக இயலாது. ஆகையால் இத்தகைய கணினியில் ஆய்வேடோ வாடிக்கையாளர் தரவோ வைத்திருப்பவர், அதன் படியொன்றை வேறொரு கருவியில் நாள்தோறும் எடுத்துவைக்கும் ஏற்பாட்டை, முதல் ஆட்டத்தை நிறுவும் முன்னரே செய்துகொள்ள வேண்டும்.